குரலை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுப் போனவர்களுக்கு

கைலாசபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் படிப்பது வழக்கம். பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழர்கள் இரண்டு பேர், துவாக்குடிப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர், அப்புறம் நான். அம்பேத்கர் தொகுதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பத்தி பத்தியாக வாசிப்போம், சண்டை போடுவோம். ஆனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னாடி அரை மணி நேரம் பிள்ளைகளின் செல்போன்தான் பேசும். எந்தப் பாட்டு எத்தனை கோடி பேர் பார்த்தாச்சு, எந்த நடிகர் எந்த மேடையில் என்ன சொன்னார், எவன் எந்தப் பழைய பாட்டைத் தோண்டி எடுத்துப் போட்டிருக்கிறான், இதுதான் பேச்சு.

என் தலைமுறை இதையெல்லாம் சினிமாக் கிசுகிசு என்று ஒதுக்கித் தள்ளியது. 1992இல் 'தேவர் மகன்' வந்தபோதும் 'சின்னக் கவுண்டர்' வந்தபோதும் நாங்கள் பொருளாதார அடித்தளத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் படங்களின் பாட்டு ஊர்த் திருவிழா ஒலிபெருக்கியில் நம்ம தெருப் பக்கம் திருப்பிவைத்து அலறியபோதுதான் விஷயம் காதில் ஏறியது. அதனால் இப்போது பிள்ளைகள் பேசினால் நான் குறுக்கே பேசுவதில்லை. அதுவும் பாடம்தான் என்று உட்கார்ந்திருப்பேன்.

போன மாசம் ஒரு பையன் போனை நீட்டினான். "தோழர், இதக் கேளுங்க. செம கண்டுபிடிப்பு."

நாற்பது செகண்டு இருக்கும். பச்சை வயல் படம், நரம்பெடுத்த ஒரு கிழவியின் கை, ஒரு நாற்று முடி. கீழே தாளக்கட்டு மெசின் அடிக்கிறது. மேலே ஒரு குரல். நடவுப் பாட்டு. 'மண்ணின் மறைந்துபோன குரல்' என்று எழுதி, இசை இன்னார், கலவை இன்னார், படத்தொகுப்பு இன்னார் என்று மூன்று பேர் போட்டிருந்தது. இருபதாயிரம் பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள். அதன் கீழே இதயம் இதயமாக நட்டுவைத்திருந்தார்கள், நடவுக்குப் போகாத மகராசர்கள்.

பாட்டு முடிகிற இடத்தில் குலவை வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது என் சின்னம்மா.

உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில் கூலிக்கு நட்டே வயசு எழுபத்தைந்தைத் தொட்டவர். நாலு வருசத்துக்கு முன்னாடி இரண்டு பேர் ஒலிப்பதிவு மெசினோடு வந்து, ஆராய்ச்சி என்று சொல்லி, திண்ணையில் உட்காரவைத்து ஒரு முழு மத்தியானம் பாட வைத்தார்கள். எனக்கு நினைவிருக்கிறது, நான்தான் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். சின்னம்மா ஆரம்பிக்கும்போதே பேர் சொன்னார், ஊர் சொன்னார், இந்தப் பாட்டை யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று தன் மாமியாரின் பேரையும் சொன்னார். எல்லாம் மெசினில் ஏறியது. எல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது.

பேர் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால்கூட மறதி என்று விட்டிருப்பேனோ என்னவோ. அந்தப் பாட்டின் நடுவில் இரண்டு அடி உண்டு. நெல் வாங்கும்போது பருத்திருக்கிற மரக்கால், கூலி அளக்கும்போது எப்படி இளைத்துப்போகிறது என்று கேட்கிற அடி. பாட்டின் உயிரே அதுதான். கிழவி அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தூக்கிப் பாடுவார். அந்த இரண்டு அடியும் இல்லை. முன்னால் இருக்கிற நாற்றும் பின்னால் இருக்கிற குலவையும் பத்திரமாக இருக்கிறது. நாற்றும் குலவையும் வேணும், மரக்கால் வேணாம்!

நான் பையனைத் திட்டவில்லை. அவன் நல்ல மனசோடுதான் காட்டினான். ஆனால் அன்றைக்கு அம்பேத்கர் தொகுதியைத் திறக்கவில்லை. இதையேதான் பேசினோம். அந்தப் பேச்சில் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு உடனே ஞாபகம் வந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்த பாட்டு. அறிவு எழுதி, தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசை என்று வந்தது. தமிழ் தெரியாதவன் எல்லாம் ஆடினான். அந்தப் பாட்டுக்குள் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்கு உழைத்துத் திரும்பி வந்தவர். அவர் தனி ஆள் இல்லை. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம். மூட்டை எண்ணுகிற மாதிரி மனுசரை எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்களில் கணிசமானவர்கள் நம்ம சனம். இங்கே நிலமில்லாமல் போனவர்கள், அங்கே காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கியும் நிலமில்லாமல் திரும்பியவர்கள். அந்த வழியில் வந்த ஒரு கிழவியின் வாய்ச் சொல்தான் உலகம் ஆடிய பாட்டுக்கு விதை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். கொண்டாடப்பட்ட பாட்டு இரண்டு: ஒன்று 'எஞ்சாய் எஞ்சாமி', இன்னொன்று 'சார்பட்டா பரம்பரை'யின் 'நீயே ஒளி'. இரண்டிலும் அறிவின் எழுத்து உண்டு. அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், கூச்சல் எழுந்தது, அப்புறம்தான் அறிவுக்கென்று தனியாக ஒரு இணைய அட்டை போட்டார்கள். பந்தி முடிந்தபிறகு திண்ணையில் இலை போடுவதை நாம் பார்க்காததா? 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகம் பார்க்கிற மேடை. அந்தப் பாட்டைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அங்கேயும் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று மறுதரப்பு சொன்னது. தூக்கமில்லாமல் உழைத்துச் செய்த பாட்டு இது, மெட்டையும் எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். மெட்டு யாருடையது என்கிற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் அந்த அறையில் இருக்கவில்லை. தீ மேலும் எனக்குக் கோபமில்லை, அவர் பாடியதைத்தானே பாடினார். மாரியம்மாள் மேடை ஏறியது நமக்குப் பெருமை. 'கர்ணன்' படத்தில் 'கண்டா வரச் சொல்லுங்க' அவர் குரலிலேயே, அவர் முகத்தோடேயே வந்தது என்பதும் ஒரு முன்மாதிரிதான்.

எனக்குக் கேள்வி வேறு. கைதட்டு வருகிற இடத்துக்கெல்லாம் ஒரே ஆள் மட்டும் எப்படித் தற்செயலாக விடுபட்டுப் போகிறார்? முதல் தடவை மறதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது தடவையும் மறதியா? இந்த மறதி ஏன் ஒருநாளும் மேலே இருக்கிறவன் பேரை மறக்க மாட்டேன் என்கிறது?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வாய் திறந்தார். இத்தனை கோடி பேர் பார்த்த பாட்டிலிருந்து தங்கள் மூன்று பேருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று. அதாவது, புகழைப் பங்கு போடுவதில் இவர்களுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, துட்டு வேறு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சின்னம்மாவின் மரக்கால்தான் ஞாபகம் வந்தது எனக்கு.

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். அன்றைக்குக் கூட்டத்திலேயே ஒரு மாணவி கேட்டாள்: "நாட்டுப்புறப் பாட்டு எல்லாருக்கும் பொதுதானே தோழர்? யாரு எழுதுனதுன்னு யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். பொதுச் சொத்து என்கிற பேச்சு எப்போதுமே நம்மகிட்ட இருந்து எடுக்கும்போது மட்டும்தான் கிளம்புகிறது. ஊர்ப் பொதுக் கிணறு பொதுவாக இல்லை, பொதுச் சுடுகாடு பொதுவாக இல்லை, கோயில் பொதுவாக இல்லை. பாட்டு மட்டும் பொது!

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் மேடை போட்டுக் கச்சேரி நடந்தால் வித்வான் பேர் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, இழுத்துக் கட்டி, நாதம் வரவைத்த தலித் கிறித்தவத் தொழிலாளி பேர் எந்த நோட்டீஸில் இருந்தது? பாலக்காடு மணி ஐயரின் பேர் தெரிந்தவன் ஆயிரம் பேர். அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து பேரைத் தெரிந்தவன் எத்தனை பேர்? இந்த வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகமாக எழுதி 2020இல் வெளியிடப் போனார். இடம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. புத்தகம் வேறு இடத்தில்தான் வெளியானது. தோல் மேடை ஏறலாம். தோலைப் பற்றிய பேச்சு ஏறக் கூடாது. எழுதினவர் பார்ப்பனராக இருந்தும் இந்த கதி என்றால், செபாஸ்டியனின் பேரனே எழுதியிருந்தால் கதவுவரைகூடப் போயிருக்குமா?

சரி, யார் முதலில் கட்டினார்கள் என்று தெரியாத பாட்டு. இருக்கட்டும். ஆனால் யார் பாடினார்கள் என்று தெரியும் அல்லவா? சட்டமே அதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் திருத்தம் போட்டு நிகழ்த்துகிறவர்களுக்கு உரிமை கொடுத்தார்கள். பாடினவர், ஆடினவர், வாசித்தவர் எல்லாரும் அதற்குள் வருவார்கள். பாட்டை எழுதியவர் யார் என்பது வேறு, பாடியவர் உரிமை வேறு. 2012 திருத்தத்தில் 38பி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. பாடியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை அதில் இருக்கிறது. தன் மதிப்புக்குக் கேடு வரும்படி வெட்டித் திரித்தால் தடுக்கவும் நட்டஈடு கேட்கவும் உரிமை இருக்கிறது. பயன்படுத்துகிற விதத்தால் பேர் போட முடியாமல் போனால் விதிவிலக்கு என்று ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். நாற்பது செகண்டில் இசை, கலவை, படத்தொகுப்பு என்று மூன்று பேருக்கு இடம் இருந்திருக்கிறதே, நாலாவது பேருக்கு மட்டும் எப்படி இடம் நெருக்கடி வந்தது?

வெட்டு என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை 2023இல் எல்லாரும் பார்த்தோம். மாரி செல்வராஜ் 'மாமன்னன்' எடுத்தார். அந்தப் படத்தின் பாடல் வெளியீட்டு மேடையிலேயே, கமல்ஹாசன் உட்கார்ந்திருக்கும்போதே, 'தேவர் மகன்' தனக்குள் உண்டாக்கிய வலியைப் பற்றியும், அந்தப் படத்து இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றும் சொன்னார். முப்பது வருசம் கழித்து வந்த பதில் அது. வடிவேலுவை அப்படி நாம் பார்த்ததில்லை. ஜூலை கடைசியில் படம் நெட்ஃபிளிக்சுக்கு வந்தது. வந்த சில நாளில் என்ன ஆச்சு? பகத் ஃபாசில் நடித்த ரத்தினவேலுவை மட்டும் தனியாக வெட்டி எடுத்தார்கள். பந்தயத்தில் தோற்ற நாயை அடித்துக் கொல்கிறவன், எதிரே இருப்பவனை உட்காரச் சொல்லத் தெரியாதவன். அவனுக்குப் பின்னாடி ஆதிக்கச் சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டினார்கள். வில்லன் நாயகன் ஆகிவிட்டான். இணையம் முழுக்க அவன் மீசைதான். இது ரசிகர்களின் விளையாட்டு, பகத் நடிப்புக்கு மரியாதை என்று செய்தி எழுதினவர்கள் எழுதினார்கள். நம்ம பிள்ளைகள் சிலரும் நல்லா இருக்கே என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். தலித் ஒருவன் எடுத்த இரண்டரை மணி நேரப் படத்துக்கு, முப்பது செகண்டு வெட்டில் பதில் கொடுத்துவிட்டார்கள். கத்திரிக்கோல் எவன் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் கைதட்டக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் படித்தேன்.

நம்ம பக்கமும் சுத்தம் இல்லை. 'ஜெய் பீம்' படத்தை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பரில் வந்தது. இணையத்தில் ரசிகர் மதிப்பெண்ணில் ஹாலிவுட் படங்களையே தாண்டிவிட்டது என்று துள்ளினோம். நானும் துள்ளினேன், அழவும் செய்தேன். ஆனால் இன்றைய கடலூர் மாவட்டத்தில் முதனை கிராமத்தைச் சேர்ந்த, 1993இல் போலீஸ் அடித்துக் கொன்ற ராஜாக்கண்ணு குறவர். படத்தில் அவர் இருளர் ஆனார். இருளர் படும் பாடு பொய்யில்லை. அதற்காகக் குறவர் ஒருவரின் சாவை எடுத்து இன்னொரு சாதியின் கணக்கில் எழுதலாமா? இயக்குநரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் குறவர் அமைப்புகள் கேட்டபோது, "நல்ல படம் வந்திருக்கு, இப்ப போயி இதப் பேசணுமா?" என்று நம்ம தோழர்களே சொன்னார்கள். இதே வாக்கியத்தை அறிவுக்கும் சொன்னார்கள்: "பாட்டு நம்ம பாட்டு, உலகமே ஆடுது, இப்ப போயி பேரைப் பத்திப் பேசணுமா?" பேரை எப்போதுதான் பேசுவது?

பேரைப் பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அயோத்திதாசரே சாட்சி. 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' ஆரம்பித்து, 1914இல் சாகும்வரை வாரா வாரம் எழுதியவர். அந்த எழுத்து தொகுக்கப்பட்டு நம் கைக்கு வந்தது 1999இல், ஞான. அலாய்சியஸ் உழைப்பில். 85 வருசம்! நடுவில் சாதி ஒழிப்பு, தமிழ் அடையாளம் என்று எத்தனை பேர் மேடையில் முழங்கினார்கள். இவர் பேர் எத்தனை மேடையில் வந்தது? அவர் சொன்ன சாதிபேதமற்ற தமிழரிலிருந்துதான் 2018 ஜனவரியில் சென்னை மேடையில் ஏறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் தன் பேரை எடுத்தது. கானாவும் பறையும் ராப்பும் கலந்து அடித்த அந்தக் குழுவில்தான் அறிவும் பாடினார். பேரை மீட்டவர்களிடமிருந்தே மறுபடி பேரைப் பிடுங்கினால் எப்படி?

சின்னம்மாவிடம் போனை எடுத்துக்கொண்டு போனேன். காதோடு வைத்துக் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது தடவை போடச் சொன்னார்.

"கொரலு என்னுதுதான். நடுவுல நான் இருமுனேனே, அத எங்கடா காணும்?"

"வெட்டிட்டாங்க சின்னம்மா."

"மரக்காலு?"

"அதையும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இருமல வெட்டுனான், சரி. மரக்கால எதுக்கு வெட்டுனான்? அவன் என்ன ஆண்ட வூட்டு ஆளா?" என்றார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டார். இருபதாயிரம் என்றேன். "அத்தினி பேருல ஒருத்தன்கூடவா யாரு பாடுனான்னு கேக்கல?" நான் கீழே இருந்த அத்தனையையும் தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தார். அதற்குப் பதிலாகக் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுரையில் உன் பேரைப் போடுகிறேன் சின்னம்மா என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். "நீ போட்டா ஒம் பொஸ்தகத்துலதான் இருக்கும். எடுத்தவன் போடட்டும். எடுத்த எடத்துல போடட்டும்." நான் வாதாடிப் பார்த்தேன். மசியவில்லை. அதனால்தான் தோழர்களே, பேரைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதிவிட்டு அந்தப் பேரை எழுதாமல் விட்டிருக்கிறேன். குற்றம் சொல்கிறவர்கள் என் வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் சொல்லிக்கொள்ளட்டும், நான் தப்பித்தேன்.

எடுத்தவர்களுக்கு இரண்டு தடவை எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதில் அந்த மாணவி 38பி பிரிவை எடுத்து எழுதினாள். அதற்கு மட்டும் பதில் வந்தது: பாட்டியின் பேர் கோப்பில் தொலைந்துவிட்டதாம், அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். குலவை தொலையவில்லை, பேர் தொலைந்துவிட்டது. அனுப்பியிருக்கிறோம். கூடவே, வெட்டிய இரண்டு அடியையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மூன்று வாரம் ஆச்சு.

இதற்கிடையில் பிள்ளைகள் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறார்கள். திருவெறும்பூர், கூத்தைப்பார், நவல்பட்டுப் பக்கத்துச் சேரிகளில் பாடத் தெரிந்த பெரியவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பதிவு செய்கிறார்கள். வாழவந்தான்கோட்டை முகாமிலும் கேட்கலாம், தோட்டத்துப் பாட்டுத் தெரிந்த கிழவிகள் அங்கேயும் இருப்பார்கள் என்று ஒருத்தன் சொன்னான். பதிவின் முதல் வார்த்தையே பாடுகிறவரின் பேர். அப்புறம் ஊர், கற்றுக்கொடுத்தவர் பேர். நடுவில் வெட்டு கிடையாது. பேரைத் தங்கள் வாயால் சொல்லும்போது சில கிழவிகள் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பும் அதில் இருக்கிறது. பதிவின் ஒரு நகல் பாடியவர் வீட்டுக்கு. வெளியே கொடுப்பதென்றால் அவர் சம்மதம் எழுத்தில் வேண்டும். கைநாட்டாக இருந்தாலும் வாசித்துக் காட்டிய பிறகுதான் வாங்க வேண்டும் என்று முடிவு.

முதல் பதிவு சின்னம்மாதான். போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். மரக்கால் அடிக்கு வந்தபோது கிழவி நிறுத்தி, "ஓடுதாடா மெசினு?" என்று கேட்டுவிட்டு, அந்த அடியை மூன்று தடவை பாடினார். மூன்றாவது தடவை இருமினார். அப்படியே இருக்கிறது.